தொந்தி உள்ளவனுக்கு ஊட்டக்குறைவு

வயிறு மேசையில் முட்டும்படி இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மெலிந்தவர்கள் வேறு ஏதாவது வாசிக்கலாம். ஒரு தாதி அளவுநாடாவோடு வந்து நின்று, "உங்களுக்கு ஊட்டக்குறைவு" என்று சொன்னால் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்துவிட்டேன். இப்போது வீட்டில், பலகாரத் தட்டுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். அதனால் உயிர் தப்பினானா என்று யாரும் பதற வேண்டாம். பதறுகிற வேலையை அப்போதே நான் செய்து முடித்துவிட்டேன்.

நான் பேர்லினில் பஸ் ஓட்டுகிறவன். வயது ஐம்பத்துமூன்று. செத்த வீட்டிலும் ஆட்களைச் சிரிக்க வைத்து, வீட்டுக்கு வந்து மனைவி மலரிடம் ஏச்சு வாங்குகிற சாதி. அப்படிப்பட்ட பகிடிக்காரனுக்குப் பயம் வந்தால் அது சாதாரண மனிதரின் பயம் மாதிரி இருக்காது.

கோடையில் தொடங்கியது. சாப்பிட்டதும் நெஞ்சுக்குக் கீழே ஒரு எரிவு. எரிவுக்குப் பயந்து கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டேன். காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. முதலில் சந்தோஷம்தான். கோயிலில் நண்பன் ரஞ்சன் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணை, நல்லா இறங்கிட்டியள். ஜிம்முக்குப் போறியளோ?"

"ஓம். பஸ்ஸைத் தூக்கித் தூக்கி வைக்கிறன்."

அடுத்த மாதமும் அதே ரஞ்சன், அதே இடம். குரல் மட்டும் தணிந்திருந்தது.

"அண்ணை, ஒருக்கா உடம்பைக் காட்டினால் என்ன? என்ர பெரியம்மாவின்ர மருமோனும் இப்பிடித்தான் மெலிஞ்சவர்."

"பிறகு?"

"அதை விடுங்கோ."

விடுகிற கதையா இது? வீட்டுக்கு வந்த கையோடு ரெலிபோனில் 'காரணமில்லாமல் நிறை குறைதல்' என்று தேடினேன். எந்த ஒழுங்கையால் நுழைந்தாலும் இணையம் என்னை ஒரே நோயின் வாசலில்தான் கொண்டுபோய் இறக்கியது. அந்த நோயின் பெயரை எங்கள் ஆட்கள் வாயால் சொல்லமாட்டார்கள். 'அது' என்பார்கள். எனக்கு 'அது' வந்துவிட்டது என்று முடிவு செய்து, என் மரண அறிவித்தலை நானே எழுதத் தொடங்கினேன். 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி பேர்லினை வதிவிடமாகவும் கொண்ட' என்பது வரைக்கும் மளமளவென்று வந்தது. படத்தில்தான் சிக்கல். தொந்தி தெரிகிற படத்தைப் போட்டால் 'இவ்வளவு சாப்பிட்டால் சாகாமல் என்ன செய்வான்' என்பார்கள். மெலிந்த படத்தைப் போட்டால் 'பாவம், வருத்தம் உருக்கிப்போட்டுது' என்பார்கள். இரண்டையும் மலரிடம் காட்டி, எது எடுப்பாக இருக்கிறது என்று கேட்டேன். அவள் ரெலிபோனைப் பறித்து அரிசிப் பேணிக்குள் போட்டு மூடினாள்.

குடும்ப வைத்தியர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க எழுதித் தந்தார். அதற்கு டெர்மின் கிடைத்தது. டெர்மின் என்றால் நாள் குறித்துத் தருவது. குறித்த நாளுக்குள் இன்னொரு பருவகாலம் வந்துவிடும். வந்தது. கூடவே கந்தசஷ்டியும் வந்தது.

நான் அன்னதான வரிசையில் முதல் ஆளாக நிற்பவன் என்பது முருகனுக்கும் தெரியும். விரதம் என்பது எங்கள் வீட்டில் மற்றவர்கள் பிடிப்பது. மலருக்கும் பிரஷர் குறைவு, பட்டினி கிடந்தால் தலை சுற்றும். அதனால் அவளும் பிடிப்பதில்லை. ஆனால் பயம் ஒரு மனிதனை எவ்வளவு பக்திமான் ஆக்கும் என்பதற்கு அளவில்லை. மலரையும் கேட்காமல் கோயிலுக்குப் போய் நின்று நேர்ந்துகொண்டேன்: வயிற்றுக்குள் என்ன என்று தெரியவரும்வரை பகலில் வெறும் தண்ணீர், பின்னேரம் ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம். முடிவை மட்டும் நல்லதாகத் தா. ஐயர் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினார். மஞ்சள் நூல் கையில் ஏறியதும் வீரம் வந்தது. பூசை முடிவதற்குள் கண் இருண்டு ரஞ்சனின் மேல் விழுந்தேன்.

"மெலிஞ்ச ஆள் எண்டெல்லே நினைச்சனான்," என்று அவன் இடுப்பைத் தடவிக்கொண்டு அம்புலன்ஸ்காரருக்குத் தமிழில் முறையிட்டது காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, மலம் கறுப்பாகப் போகிறதா என்பது. தார் மாதிரிப் போகிறது என்றேன். சொன்னதும் அறையில் எல்லோரும் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள். இரைப்பைக்குள் இரத்தம் கசிந்தால் அது செமித்துக் கறுப்பாகத்தான் வெளியே வருமாம். இந்த ஒரு இடத்தில் பகிடி விடமாட்டேன்: உங்களுக்கும் அப்படிப் போனால் டெர்மினுக்குக் காத்திருக்காமல் ஓடுங்கள்.

அன்றைக்கு வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்றார்கள். முருகனும் டாக்டரும் எனக்கு ஒரே கட்டளையை இட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் மயக்க ஊசி போட்டுக் குழாய் விட்டார்கள். இரைப்பையில் ஒரு புண். கசிந்த இடத்தை ஒரு சின்னக் கிளிப்பால் பிடித்துவிட்டு, புண்ணின் ஓரத்தில் கடுகளவு துணுக்குகளைக் கிள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள்.

"பார்வைக்குச் சாதாரணப் புண் போலத்தான் இருக்கிறது," என்றார் இளம் டாக்டர் அம்மா. "ஆனால் உங்கள் நிறை குறைந்திருக்கிறது. ஆய்வுகூட முடிவு வரும்வரை நான் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன்."

இவ்வளவு நீளமான பேச்சில் என் காது 'ஆனால்' என்ற சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டது.

பிறகு நிறுவைப் படலம். தராசில் ஏற்றினார்கள். உயரம் பார்த்தார்கள். நிறையை உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் ஒரு எண் வரும். ஆள் உயரத்துக்கு ஏற்ற பாரமா என்பதை அது சொல்லும். என் எண் மோசமில்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் தாதி கேள்விகளைத் தொடங்கிவிட்டார். கடந்த மூன்று மாதத்தில் நிறை குறைந்ததா? போன கிழமை வழமையைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா? வருத்தம் எவ்வளவு கடுமை? ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத புள்ளிகளெல்லாம் அங்கே கிடைத்தன. புள்ளி கூடினால் கவனிக்க வேண்டிய ஆள் என்று அர்த்தம். கடைசியில் மேற்கையில் நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊட்டக்குறைவு," என்றார்.

நான் சட்டையை உயர்த்தித் தொந்தியைக் காட்டினேன். "இதை வைத்துக்கொண்டா?"

"அது கொழுப்பு. குறைந்திருப்பது தசை. கொழுப்பு அப்படியே இருக்க, தசை மட்டும் கரையும்." நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "பசி எப்படி?"

"பயங்கரப் பசி."

"டயட் ஏதும்?"

"இல்லவே இல்லை."

இரண்டும் சத்தியமான பதில்கள். விரதத்தை டயட் என்று எந்தத் தமிழன் சொல்லுவான்? டயட் மெலிவதற்கு. விரதம் தப்புவதற்கு.

அன்றிலிருந்து காலையில் தராசு, சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு. இனிப் பக்கத்துக் கட்டிலைச் சொல்ல வேண்டும். அதில் ஹெர் வோல்ஃப், நம் பேச்சில் திருவாளர் வோல்ஃப். கூரை வேய்ந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர்; பெரிய என்பது எல்லாப் பக்கமும். சுகர் கூடிப்போய் வந்திருந்தார். அவருக்கு இரண்டு அவித்த உருளைக்கிழங்கும் கரட்டும். ஊட்டக்குறைவுக்காரனான எனக்கோ கிரீம் விட்ட சூப், சீஸ், புடிங், வனிலா வாசத்தில் சத்துப்பானப் போத்தல். என் தட்டைக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். அவருடைய பேர்லின் பேச்சு என் காதுக்கு இப்படித்தான் கேட்டது:

"சாப்பிடேல்லையோ?"

"ஏலாது."

"உதைக் குப்பையிலை கொட்டப்போறாங்கள். தெரியுமெல்லே?"

சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? என் விரதத்துக்குரிய பாலையும் வாழைப்பழத்தையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்; தட்டு கை மாறியது. வெறுமையாகத் திரும்பி வந்தது. அடுத்த நேரமும் அப்படியே. யாராவது 'இதைச் சாப்பிட்டது யார்' என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 'எல்லாம் முடிந்ததா' என்றுதான் கேட்டார்கள். முடிந்ததுதானே.

மலர் பேக்கரியில் வேலை முடிந்து நேரே வருவாள். வெறும் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சிருக்கிறியள்! நான் வைக்கிற குழம்புக்கு மட்டும்தான் உப்பில்லை, புளியில்லை, என்ன?"

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு பாரும்," என்று முனகினேன். விரதம் அம்புலன்ஸில் ஏறியதோடு முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள். நான் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை.

தராசு முள் இறங்கியது. அடுத்த நாள் இன்னும் இறங்கியது. டாக்டர் அம்மாவின் நெற்றி சுருங்கியது. நன்றாகச் சாப்பிடுகிற மனிதன் மெலிகிறான் என்றால், ஒன்றில் குடல் சத்தை உறிஞ்சவில்லை, அல்லது உள்ளே ஏதோ ஒன்று சத்தைத் தின்கிறது. இன்னும் இரத்தம் எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றார்கள்.

'உள்ளே ஏதோ ஒன்று' என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. 'அது'தான். அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? முருகனுக்கு என் விரதம் போதவில்லை என்று முடிவு கட்டி, வாழைப்பழத்தையும் நிறுத்தினேன். நிறை இன்னும் குறைந்தது. நான் இன்னும் பயந்தேன். பாலைப் பாதியாக்கினேன். உலகத்திலேயே தன் வருத்தத்தைத் தானே சமைத்து, அதைப் பார்த்துத் தானே நடுங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மற்றப் பக்கம் ஹெர் வோல்ஃபின் சுகர் ஏறியது. நிறையும் ஏறியது. "ஒளித்துச் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் அம்மா கேட்டபோது, தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளையின் முகத்தோடு, "இரண்டு உருளைக்கிழங்கு," என்றார். டாக்டர் அம்மா இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாப்பிடுகிறவன் வாடுகிறான், வாடவேண்டியவர் கொழுக்கிறார். அந்த அறையில் கணக்கு உதைத்தது.

அப்போதுதான் தாரணி வந்தாள். ஊட்டச்சத்துப் பகுதியில் வேலை செய்யும் பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"வணக்கம் அங்கிள். கட்டிலிலை நிமிர்ந்து இருங்கோ பாப்பம்."

ஒரு கைப்பிடியைத் தந்து பலமாக நசுக்கச் சொன்னாள். கைப்பலம் குறைந்திருந்தால் உடம்பு முழுக்கத் தசை குறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்த கை என்று சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்து நசுக்கினேன். முள் சோம்பலாகக் கொஞ்சம் நகர்ந்தது.

"என்ர அம்மா இதைவிடக் கூட அமத்துவா," என்றாள்.

"உம்மட அப்பா பாவம் பிள்ளை."

சிரித்துக்கொண்டே அடுத்த கருவியை எடுத்தாள். கையிலும் காலிலும் ஒட்டுத்துண்டுகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் விடுவது. உடம்பில் தண்ணீர் எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்லும். மின்சாரம் என்றதும் கையை இழுத்தேன்.

"ஒண்டும் தெரியாது அங்கிள். கையைத் தாங்கோ." ஆஸ்பத்திரிப் பட்டியை மேலே தள்ளியவள் அப்படியே நின்றாள். "இது காப்பெல்லோ?"

"ஓம்."

"கந்தசஷ்டிக் காப்பு. நீங்கள் விரதமோ?"

"ஓம் பிள்ளை. பாலும் பழமும்தான். இப்ப பழமும் இல்லை."

அவள் என் கோப்பைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"அப்ப நேற்று மத்தியானம் பண்டியிறைச்சிப் பொரியலை முழுசாச் சாப்பிட்டது ஆர்?"

ஹெர் வோல்ஃபுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவருடைய பத்திரிகை மெல்ல உயர்ந்து முகத்தை மறைத்தது. தாரணி அந்தப் பத்திரிகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கதிரையில் இருந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. "அங்கிள், உங்களுக்குச் சாப்பாடு ஒட்டேல்லை எண்டு நாங்கள் என்னென்ன தேடிக்கொண்டிருக்கிறம் தெரியுமோ? சாப்பிடாட்டி உடம்பு தன்ர தசையைத்தான் தின்னும். புண் எப்பிடி மாறும்? இப்பிடியே போனால் மூக்காலை குழாய் விட்டுத்தான் சாப்பாடு தருவினம்."

"நேர்த்தி பிள்ளை. இப்ப முறிச்சால், முடிவு பிழையா வந்தால்?"

அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. பகிடிக்காரனின் குரல் உடைந்தால் கேட்கவே அசிங்கமாக இருக்கும். அவள் கோப்பை எடுத்துக்கொண்டு டாக்டர் அம்மாவிடம் போனாள். டாக்டர் அம்மா வந்து ஹெர் வோல்ஃபிடம் ஆரம்பித்த ஏச்சை நான் இங்கே எழுதமாட்டேன். எனக்கு ஏச்சு இல்லை. அவர் ஆழமாக ஒரு மூச்சு விட்டதும், "ஸ்கேன் வேண்டாம்," என்றதும்தான்.

பின்னேரம் மலர் வந்தாள். தாரணி அவளை வெளியில் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்து, மூக்குக் குழாயே பரவாயில்லை என்று நினைத்தேன்.

"முருகன் உங்களிட்டை வந்து பட்டினி கிட எண்டு கேட்டவரோ? ஒரு மாம்பழம் கிடைக்கேல்லை எண்டு கோவிச்சுக்கொண்டு மலையிலை போய் நிண்ட ஆள் அவர். பசியிலை இருக்கிறவனை அவருக்குத் தெரியாதோ? வாயைத் திறவுங்கோ!"

"மலர், முடிவு வரட்டும்..."

"திறவுங்கோ எண்டு சொன்னனான்."

கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். உருளைக்கிழங்கு மசியல், அரைக் கரண்டி. பட்டினி கிடந்தவனுக்கு ஒரேயடியாகக் கொட்டினால் இரத்தத்தில் உள்ள உப்புகள் குழம்பிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று தாரணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விழுங்கினேன். இடி விழவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு நீண்ட பெருமூச்சு மட்டும் வந்தது.

அதன் பிறகு தராசு முள் இறங்குவதை நிறுத்தியது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. நிறை ஏன் குறைந்தது என்பது தெரிந்துவிட்டது. துணுக்குகளில் என்ன என்பது தெரியவில்லை. கோடையில் மெலிந்ததற்கு விரதம் காரணம் இல்லையே. வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். சூரன்போர் நாள் வந்து போனது. நான் கட்டிலில் இருந்து தயிர் தின்றேன். மலர் தினமும் வந்தாள். கரண்டியை என் கையில் தந்து, முடியும்வரை எதிரே இருந்து காவல் பார்த்தாள். ரஞ்சன் கொண்டுவந்த வடையை அவளுக்கு நீட்டினால், வேலையில் சாப்பிட்டுவிட்டேன் என்று தாதிமாரிடம் கொடுத்துவிடுவாள். தாதிமாரை வளைத்துப் போடுகிறாள் என்று நான் நினைத்தேன்.

முடிவு வந்தபோது மத்தியானம். என் வாய் நிறைய மசியல். டாக்டர் அம்மா கையில் ஒரு தாளோடு நின்றார். முதலில் தட்டைப் பார்த்தார்.

"இன்றைக்குச் சாப்பிடுவது நீங்கள்தானா?"

தலையாட்டினேன். விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

"நல்லது. புற்றுநோய் இல்லை. ஒரு கிருமிதான் புண்ணை உண்டாக்கியிருக்கிறது. பலருடைய வயிற்றில் இருக்கிற கிருமி. இரண்டு கிழமை மருந்து போட்டால் போய்விடும். எரிவுக்குப் பயந்து குறைத்துச் சாப்பிட்டதால்தான் மெலிந்திருக்கிறீர்கள். பிறகு ஒருமுறை புண் ஆறிவிட்டதா என்று பார்ப்போம்."

மசியல் பிழையான வழியால் போய்ப் புரைக்கேறியது. ஹெர் வோல்ஃப் எட்டி என் முதுகில் ஒரு அடி அடித்தார். கூரைக்காரனின் கை, இன்னும் வலிக்கிறது. கண்ணில் தண்ணீர் ஓடியது. புரைக்கேறியதால் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன்.

மலர் டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்து, "டாங்கே," என்று நன்றி சொன்னாள். டாக்டர் அம்மா போனதும் கதிரையை என் மேசைக்கு இழுத்தாள். என் தட்டைத் தன் பக்கம் திருப்பி, கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி மசியலை. உப்பில்லாத கரட்டை. நிமிராமல், மெல்லக்கூட நேரமில்லாதவள்போல.

"என்னப்பா இது? அது என்ர," என்றேன்.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

"வேலையிலை சாப்பிடேல்லையோ?"

"முடிவு வருமட்டும் எண்டெல்லோ நேர்ந்தனீங்கள். நீங்கள் முறிச்சிட்டியள். ஆரோ ஒராள் பிடிக்கத்தானே வேணும்."

பிரஷர் குறைவான மனுஷி. பேக்கரியில் நாள் முழுக்கப் பாண் வாசத்துக்குள் நின்று, பஸ் ஏறி வந்து, எனக்கு ஊட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அத்தனை நாளும் என் நிறையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நானும் என் நிறையைத்தான் பார்த்தேன். அவளுடைய கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்குவதை அப்போதுதான் கண்டேன்.

ஹெர் வோல்ஃபுக்கு நாங்கள் பேசியது விளங்கியிருக்காது. ஆனால் பசித்த ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்து விளங்கிக்கொள்ள அவரைவிடத் தகுதியான ஆள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. கட்டிலில் இருந்து கஷ்டப்பட்டு இறங்கினார். மருந்துப் போத்தல் தொங்கும் தாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவருக்கு அனுமதித்திருந்த ஒரே ஒரு பாண் துண்டை எடுத்து மலரின் தட்டு ஓரத்தில் வைத்தார்.

மலர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் எடுத்து மசியலில் தோய்த்துச் சாப்பிட்டாள்.